எடை மேசையில் தொங்கி நின்ற செஷன்கள்

"மாப்ள, மறுபடியும் நின்னு போச்சு. மூணு படகு கட்டியிருக்கு, பில்லு தொறக்க மாட்டேங்குது."

என் தாய்மாமாவிடமிருந்து இந்தப் போன் ஒரு சீசன் முழுக்க வந்தது. செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலை என்றால் நானே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எங்கள் மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். அந்த மூன்று காலையிலும்தான் மென்பொருள் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும் நாட்களில் ஒரு தொந்தரவும் இருக்காது. நாலு பேர் ஒரே சமயத்தில் உள்ளே இருக்கும்போது மட்டும் வருகிற பழுது என்றால் அது பெரும்பாலும் செஷன், அதாவது ஒருவர் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை சர்வரோடு வைத்திருக்கும் தொடர்பு, சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும். அதைத் தேடிப் போன கதையை எழுதி வைக்கிறேன். கரையோரத்தில் இதே மாதிரி நாலைந்து கம்ப்யூட்டர் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் கரையில் மீன் எடுத்து, தரம் பிரித்து, ஐஸ் போட்டு வெளியூருக்கு வண்டி ஏற்றும் இடம். மாமாவின் கம்பெனி வடகடல் கரையில் இருக்கிறது. கொட்டகைக்குள் இரண்டு எடை மேசை, மேசைக்கு ஒரு லேப்டாப். ஐஸ் ரூம் வாசலில் ஒரு கம்ப்யூட்டர். ஆபீஸில் கணக்கு அக்காவிடம் ஒன்று. ஆபீஸ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி சர்வராக ஓடுகிறது. உபுண்டு என்ற லினக்ஸும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அதில் இருக்கின்றன.

மென்பொருள் இரண்டு துண்டாக இருக்கிறது. பழையது ஒரு பில் புரோகிராம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாக ஏற்றி வைத்தது, நேராக டேட்டாபேஸோடு பேசும். புதியது ஜாங்கோவில் (வலைப் பக்கங்கள் எழுத உதவும் ஒரு நிரல் தொகுப்பு) எழுதிய எடைப் பக்கம், பிரவுசரில் திறப்பது. பெட்டி பெட்டியாக எடை போட்டதும் அந்தப் பக்கத்தில் ஏறும். கடைசியில் பில் புரோகிராம் அதை எடுத்து, விலை போட்டு, டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழித்து, படகுக்கு ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். இரண்டையும் எழுதிய தம்பி இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். எழுதிய நிரல் முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது இல்லாவிட்டால் இதில் பாதி வேலை நடந்திருக்காது.

அதுவரை நின்று போனால் எல்லோரும் செய்த வைத்தியம் ஒன்றுதான்: சர்வரை அணைத்துப் போடுவது. உடனே ஓடும். ஆனால் மற்ற மூன்று பேரும் பாதி அடித்து வைத்திருந்தது போய்விடும். கணக்கு அக்கா ஒரு நாள் ஒரு படகின் கழிவுகளை மூன்று தடவை அடித்தார். பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அணைத்துவிடுவதால் தடயமும் அழிந்து போகும். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கே நான் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். "நின்னா யாரும் எதையும் தொடாதீங்க, பத்து நிமிஷம் எனக்குக் கொடுங்க" என்று சொல்லி வைத்தேன். ஐந்தே கால் மணிக்கு நின்றது.

போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கிற எல்லோரும் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு பார்வை (வியூ) உண்டு. அதன் பெயர் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி. டேட்டாபேஸுக்குள் இந்த நிமிடம் யார் யார் இருக்கிறார்கள், எந்த நெட்வொர்க் முகவரியிலிருந்து வந்தார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், எப்போதிலிருந்து அந்த நிலையில் இருக்கிறார்கள் என்று வரிசை வரிசையாகக் காட்டும். டேட்டாபேஸின் சொந்தப் பின்னணி வேலைகளையும் நான் பார்ப்பதற்காகத் திறந்ததையும் விட்டால், ஒரு வரி ஒரு செஷன். அன்றைக்கு அதில் ஏழு வரி இருந்தது. கொட்டகையில் கம்ப்யூட்டர் நாலுதான். எடைப் பக்கத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஐந்துதான் வர வேண்டும்.

கூடுதலாக இருந்த இரண்டும் இரண்டாவது எடை மேசையின் முகவரியிலிருந்து வந்தவை. அதில் ஒன்றின் நிலை "ஐடில் இன் டிரான்சாக்ஷன்". ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, முடிக்கவும் இல்லாமல் கைவிடவும் இல்லாமல் சும்மா நிற்கிறது என்று பொருள். 22 நிமிடமாக அப்படியே நின்றது. அடுத்து பிஜி பிளாக்கிங் பிட்ஸ் என்ற செயற்கூற்றைக் கேட்டேன். காத்திருக்கிற செஷனின் எண்ணைக் கொடுத்தால் அதை வழிமறிப்பது யார் என்று சொல்லும், 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆபீஸ், ஐஸ் ரூம், முதல் மேசை மூன்றும் அந்த ஒரே செஷனுக்காகக் காத்துக் கிடந்தன. இரண்டாவது மேசையில் புதிதாகத் திறந்த புரோகிராமும் அந்த வரிசையில் நின்றது. தன்னுடைய பழைய செஷனே தனக்கு வழி விடாமல் நின்றது.

பழைய செஷன் எப்படி மிஞ்சியது? இதற்கு விடை டேட்டாபேஸில் இல்லை. எடை மேசைத் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது கிடைத்தது. கணவாய்ப் பெட்டியை மேசையில் தூக்கிக் கொட்டும்போதெல்லாம் ஐஸ் தண்ணீர் தெறிக்கிறது. லேப்டாப்பில் படக்கூடாது என்று தம்பி மூடியைச் சாத்திவிடுகிறார். பொறுப்பான பையன் செய்கிற வேலை அது. ஆனால் மூடியைச் சாத்தினால் விண்டோஸ் தூங்கப் போய்விடும். மறுபடி திறந்தால் வைஃபை பிடிக்க நேரமாகும், புரோகிராம் அசையாது. படகுக்காரர்கள் நிற்கிறார்கள் என்ற அவசரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுவார்.

புரோகிராமை மட்டும் மூடியிருந்தால் விண்டோஸே சர்வருக்குத் தகவல் சொல்லி இணைப்பை முடித்திருக்கும். பவரை அணைத்தால் சொல்ல ஆள் இல்லை. சர்வர் பாவம், அந்தப் பக்கம் ஆள் இன்னும் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் மாற்றாமல் விட்டால் இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கும் இணைப்பை முதல் தடவை தட்டிப் பார்க்கவே 7200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். அந்தப் பக்கம் பதிலே வராவிட்டால் 75 வினாடிக்கு ஒரு தட்டு வீதம் ஒன்பது தடவை தட்டிவிட்டுத்தான் செத்தது என்று முடிவு கட்டும். இரண்டு மணி பதினோரு நிமிடம். அதற்குள் எங்கள் கரையில் மீன் முழுக்க எடுத்து முடிந்திருக்கும்.

அந்தச் செஷனின் கையில் ஒரு பூட்டும் இருந்தது. பில் புரோகிராமில் ஒரு பில்லைத் திருத்தத் திறந்தாலே அந்த வரியைப் பூட்டி வைத்துக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ஒரே பில்லில் கை வைத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆள் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிற ஆபீஸுக்கு அது சரிப்படும். தண்ணீர் தெறிக்கிற கொட்டகைக்குச் சரிப்படாது. அதோடு அன்றைய தேதிக்கான தொடர் எண்ணை எடுக்கிற வரியையும் சேர்த்துப் பூட்டியதால், ஒரு பில் நின்றால் எல்லோருக்கும் பில் நின்றது.

அன்றைக்குச் செய்ய வேண்டியது அந்த ஒரு செஷனை மட்டும் வெளியேற்றுவது. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிஜி கேன்சல் பேக்கெண்ட் என்று ஒன்று உண்டு; ஓடிக்கொண்டிருக்கிற கேள்வியைத்தான் (குவெரி) அது நிறுத்தும். சும்மா நிற்கிற செஷனில் ஓடுகிற கேள்வியே இல்லை, அதனால் அது ஒன்றும் செய்யாது. பிஜி டெர்மினேட் பேக்கெண்ட் கொடுத்தால்தான் செஷனே முடியும், பூட்டும் அவிழும். கொடுத்தேன். நின்றிருந்த திரைகள் அசைந்தன. யாருடைய பதிவும் அழியவில்லை. ஐஸ் ரூமிலிருந்து "வந்திருச்சு, வந்திருச்சு" என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மதியம் வண்டி கிளம்பிய பிறகு அமைப்புகளை மாற்றினேன். சும்மா நிற்கிற டிரான்சாக்ஷனுக்குக் கால வரம்பு ஒன்று போஸ்ட்கிரெஸில் 2016-இல் வந்த 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் இயல்பில் அது பூஜ்யம், அதாவது வரம்பே கிடையாது. அதை ஐந்து நிமிடம் என்று வைத்தேன். இணைப்பைத் தட்டிப் பார்க்கும் இடைவெளியை 60 வினாடி, பதில் இல்லாவிட்டால் 10 வினாடிக்கு ஒரு தட்டு, மூன்று தட்டு. ஒன்றரை நிமிடத்தில் செத்த இணைப்பு தெரிந்துவிடும். லேப்டாப் மறுபடி எழுந்திருந்தால் இன்னும் சீக்கிரம் தெரியலாம்; "அப்படி ஒரு இணைப்பே எனக்குத் தெரியாது" என்று அதுவே முதல் தட்டுக்குப் பதில் சொல்லக்கூடும். காத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வரம்பு வைத்தேன்: பூட்டுக்காக ஐந்து வினாடிக்கு மேல் நிற்க வேண்டாம். திரை உறைந்து நிற்பதற்குப் பதில், "இந்தப் பில் வேறு மேசையில் திறந்திருக்கிறது" என்று தமிழில் ஒரு வரி வரும்படி செய்தேன். உறைந்து நிற்கிற திரைதான் மனிதரைப் பவர் பட்டன் பக்கம் கொண்டு போகிறது. என்ன நடக்கிறது என்று சொன்னால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரின் இணைப்பு வரியிலும் அப்ளிகேஷன் நேம் என்ற இடத்தில் எடை 1, எடை 2, ஐஸ், ஆபீஸ் என்று பெயர் எழுதினேன். பிறகு அந்தப் பார்வையைத் திறந்தால் முகவரி எண்ணை வைத்து யோசிக்க வேண்டியதில்லை. ஒரு நிமிட வேலை. இந்த முழுப் பதிவிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

லேப்டாப் மூடியைச் சாத்தினால் ஒன்றும் செய்யாதே என்று விண்டோஸில் மாற்றினேன். கீபோர்டுக்கு மேலே சிலிக்கான் உறை வாங்கிப் போட்டேன். மேசைக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு வைத்தோம். தம்பி அதற்குப் பிறகு மூடியைச் சாத்துவதே இல்லை. போஸ்ட்கிரெஸில் செய்த மாற்றங்கள் எவ்வளவு உதவினவோ அதே அளவு அந்தத் தகடும் உதவியது. போகிற போக்கில் நெட்வொர்க் வயரின் முனைகளையும் பார்த்தேன். உப்புக் காற்றில் இரண்டு முனை பச்சை பிடித்துப் போயிருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாக முனை போட்டேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் போன் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது வேறு பேச்சு.

ஒரு படகின் டிரைவர் ஆபீஸ் வாசலில் நின்றார். கையில் கசங்கிய துண்டுச்சீட்டு. எடை போடும்போது அவர் தானே பேனாவால் எழுதி வைத்த சிட்டை. "நண்டு 34 கிலோ ஒரு பெட்டி என் சீட்டுல வரலைங்க. எடை போட்டதை நான் பார்த்தேன்" என்றார். சத்தம் போடவில்லை. அதனாலேயே எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நீலக்கால் நண்டு 34 கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை. செலவு கழிந்து மிஞ்சுகிறதில்தான் படகில் போனவர்களுக்குப் பங்கு. அந்தப் பெட்டி காணாமல் போனால் நாலு வீட்டில் குறையும்.

அக்கா பழைய பில்களைப் புரட்டினார். அதே காலை, அதே மேசையில் எடை போட்ட இன்னொரு படகின் கணக்கில் 34 கிலோ நண்டு ஏறியிருந்தது. எடை தொலையவில்லை, இடம் மாறிவிட்டது. அந்தப் படகுக்காரர் அதைக் கவனிக்கவும் இல்லை, ஏனென்றால் அவர் சிட்டை எழுதுகிற பழக்கம் இல்லாதவர்.

தம்பியிடம் கேட்டேன். கூட்டம் அதிகமான நேரத்தில் ஒரே மேசையில் இரண்டு படகை மாற்றி மாற்றி எடை போடுவதாகவும், அதற்காக எடைப் பக்கத்தைப் பிரவுசரின் இரண்டு டேபில் திறந்து வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒரு டேபில் ஒரு படகு, இன்னொன்றில் இன்னொரு படகு. "தலைப்புல படகு பேரைப் பார்த்துத்தாண்ணே அடிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அதையே செய்து பார்த்தேன். முதல் டேபில் ஒரு படகைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது டேபில் வேறு படகு. பிறகு முதல் டேபுக்குத் திரும்பி 1 கிலோ என்று அடித்தேன். தலைப்பில் முதல் படகின் பெயர்தான் இருந்தது. 1 கிலோ ஏறியது இரண்டாவது படகில்.

காரணத்தை விளக்குகிறேன். பிரவுசர் சர்வருக்குத் தன்னை அடையாளம் காட்டுவது ஒரு குக்கீயால், அதாவது சர்வர் கொடுத்து பிரவுசர் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன அடையாளச் சீட்டால். அந்தக் குக்கீ டேபுக்கு ஒன்று கிடையாது, பிரவுசருக்கு ஒன்று. பத்து டேப் திறந்தாலும் சர்வரின் கண்ணுக்கு அது ஒரே செஷன். எடைப் பக்கமோ "இப்போது எந்தப் படகு" என்பதை அந்தச் செஷனுக்குள் எழுதி வைத்திருந்தது. இரண்டாவது டேபில் படகை மாற்றியதும் செஷனில் இருந்த பெயர் மாறிவிட்டது. முதல் டேபின் தலைப்பு மட்டும் பழையபடி நின்றது, அது ஏற்கெனவே திரையில் வரைந்து முடித்தது. மேசைக்கு ஒரே ஒரு கரும்பலகையை வைத்துக்கொண்டு அதில் யார் கடைசியாக எழுதினார்களோ அந்தப் பெயரில் எல்லாப் பெட்டியையும் ஏற்றின கதை.

தனி மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னல் திறந்தால் போதாதா என்று அக்காவின் மகன் கேட்டான். ஒரு ஜன்னலுக்குப் போதும். இரண்டு மறைநிலை ஜன்னல் திறந்தால் குரோமில் அவை இரண்டும் தங்களுக்குள் ஒரே குக்கீயைப் பகிர்ந்துகொள்ளும். தனித்தனியாக வேண்டும் என்றால் குரோமில் தனித்தனி புரொஃபைல் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் என்றால் கன்டெய்னர் டேப் என்று ஒரு வசதி இருக்கிறது. அவசரத்துக்கு மறுநாளே இரண்டு குரோம் புரொஃபைல் செய்து கொடுத்தேன். ஒன்றுக்கு நீல நிறம், இன்னொன்றுக்கு ஆரஞ்சு. "நீலம் ஒரு படகு, ஆரஞ்சு ஒரு படகு, மூணாவது வந்தா காத்திருக்கச் சொல்லு" என்று தம்பியிடம் சொன்னேன். அவர் அதை ஒரு நாள்கூட மீறவில்லை.

நடந்து போன தவறுகளை என்ன செய்வது? மாமா ஒரே வார்த்தையில் முடித்தார்: "யாருக்குக் குறைஞ்சுச்சோ அவங்களுக்குக் கொடுத்துருவோம்." எடைப் பதிவு ஒவ்வொன்றிலும் நேரம் இருந்தது. ஒரே செஷனில் படகு மாறி அடுத்த ஒரு நிமிடத்துக்குள் ஏறிய எடைகளைத் தனியாக எடுத்தேன். அக்கா அவற்றை டிரைவர்களின் சிட்டையோடு ஒப்பிட்டார். ஆறு வாரத்தில் 11 பெட்டி இடம் மாறியிருந்தது. குறைந்தவர்களுக்கு அடுத்த பில்லில் சேர்த்துக் கொடுத்தோம். கூடுதலாகப் போனதைத் திருப்பிக் கேட்கவில்லை, தவறு கம்பெனியுடையது. சிட்டை எழுதாதவர்களின் கணக்கை ஒப்பிட வழி இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

நிரந்தரமான வேலையை மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்கினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கும். வலை கட்டுவார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். கொட்டகையில் வேலை குறைவு. மென்பொருளைப் பிரித்துப் போட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நான் வைத்துக்கொண்ட விதி இது: செஷனுக்குள் "யார்" என்பது மட்டும்தான் இருக்க வேண்டும். "எந்தப் படகு" என்பது பக்கத்தோடு சேர்ந்து போக வேண்டும். அதனால் படகின் எண்ணைப் பிரவுசரின் முகவரி வரியிலேயே வைத்தேன். எடையை அனுப்பும் படிவத்திலும் அதே எண் போகும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் சர்வர் வாங்க மறுக்கும். இப்போது ஒரே பிரவுசரில் ஐந்து டேப் திறந்தாலும் ஒவ்வொன்றும் தன் படகைத் தானே சுமந்துகொண்டு போகிறது. பிரவுசரில் டேபுக்கு மட்டும் சொந்தமான சேமிப்பிடம் ஒன்று உண்டு, அதில் வைக்கலாமா என்றும் பார்த்தேன். டேபை நகல் எடுத்தால் அந்தச் சேமிப்பும் சேர்ந்து நகலாகிவிடுகிறது. முகவரி வரி என்றால் கண்ணால் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் போனில் என்னிடம் படித்துக் காட்டலாம்.

அப்புறம் இரட்டைப் பதிவு. இணைப்பு மெதுவாக இருக்கும்போது பதிவு ஏறவில்லை என்று நினைத்து இரண்டு தடவை தட்டிவிடுவார்கள், 28 கிலோ இரண்டு முறை ஏறும். படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸே மறுக்கும்படி செய்தேன்.

பில் புரோகிராமில் திறந்ததும் பூட்டுகிற பழக்கத்தை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு திருத்த எண் இருக்கிறது. சேமிக்கும்போது, "நான் திறந்தபோது இது 4, இப்போதும் 4-ஆக இருந்தால் மட்டும் மாற்றி 5 ஆக்கு" என்று கேட்கிறது. நடுவில் வேறு யாராவது திருத்தியிருந்தால் ஒரு வரியும் மாறாது. உடனே புதிய நிலையைக் காட்டி மறுபடி பார்க்கச் சொல்லும். பூட்டு இப்போது சேமிக்கிற அந்தக் கண நேரத்துக்கு மட்டும். தொடர் எண்ணும் கடைசிக் கணத்தில்தான் எடுக்கப்படுகிறது.

இதையெல்லாம் சோதிக்க அதே சர்வரில் இன்னொரு நகலை வேறு போர்ட்டில், அதாவது வேறு வாசல் எண்ணில், ஓட்டினேன். 8000-இல் நிஜம், 8001-இல் சோதனை. சோதனையில் லாகின் செய்தால் நிஜத்தில் வெளியே தள்ளியது. நிஜத்தில் நுழைந்தால் சோதனை தள்ளியது. ஒரு மாலை முழுக்க என் மாற்றத்தில்தான் தப்பு என்று தேடினேன். விஷயம் வேறு. குக்கீ இயந்திரத்தின் பெயரைத்தான் பார்க்கும், போர்ட் எண்ணைப் பார்க்காது. இரண்டு நகலும் ஒரே பெயரில் குக்கீ வைத்ததால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டன. சோதனை நகலில் செஷன் குக்கீக்கும் படிவப் பாதுகாப்புக் குக்கீக்கும் வேறு பெயர் வைத்ததும் இரண்டும் அமைதியாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கிளைக்கு இரண்டு நகல் ஓட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக லாகின். நாலு இடத்திலும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். அதையும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்த எடையை யார் போட்டார்கள் என்று கேட்டால் விடையே கிடையாது. அதைவிட மோசம், தவறு நடந்தால் எல்லோர் பார்வையும் தம்பி மேல் விழும். ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்தேன். ஈரக் கையோடு நீளமான கடவுச்சொல் அடிக்க முடியாது என்பதால் எடை மேசைக்கு மட்டும் நாலு இலக்க எண். அது வெளியிலிருந்து திறக்காது, கொட்டகை நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும். ஐந்து தடவை தப்பாக அடித்தால் அக்கா திறந்துவிட வேண்டும்.

ஜாங்கோவில் செஷனுக்கு இயல்பான ஆயுள் 12,09,600 வினாடி, இரண்டு வாரம். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சரி. நாலு கை மாறுகிற மேசைக்கு அது மிக நீளம். ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். ஆனால் இயல்பில், செஷனுக்குள் ஏதாவது மாறினால்தான் ஆயுள் நீளும்; வெறுமனே எடை அடித்துக்கொண்டிருந்தால் நீளாது. நான் படகின் பெயரைச் செஷனிலிருந்து எடுத்துவிட்டதால் உள்ளே மாறுவதற்கு எதுவும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் எடையின் நடுவில் வெளியே தள்ளியிருக்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் சேமி என்ற அமைப்பை இயக்கினேன்.

அக்காவுக்காக ஒரு பக்கம் செய்தேன். இப்போது உள்ளே இருப்பவர் யார், எந்த மேசை, கடைசியாக எப்போது அசைந்தார் என்று வரும். பக்கத்தில் ஒரு பொத்தான்: வெளியேற்று. ஜாங்கோவின் செஷன் அட்டவணையில் பயனர் பெயர் நேராக இருக்காது, உள்ளடக்கத்தோடு சேர்ந்து குறியீடாகக் கிடக்கும். அதனால் லாகின் ஆகும்போதே செஷன் எண்ணையும் பெயரையும் தனி அட்டவணையில் எழுதிக்கொள்கிறேன். காலாவதியான செஷன்கள் தானாக அழிவதும் இல்லை. கிளியர் செஷன்ஸ் என்ற கட்டளையைத் தினமும் இரவு இரண்டு மணிக்கு ஓட விட்டிருக்கிறேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்த் திரும்பிய முதல் காலையில் நான் கொட்டகையில் இருந்தேன். கரை முழுக்கக் கூட்டம். வேண்டுமென்றே ஐந்தரை மணிக்கு இரண்டாவது மேசை லேப்டாப்பின் பவரை நானே அணைத்தேன். தம்பி பதறிப்போய் என்னைப் பார்த்தார். முதல் மேசையில் எடை நிற்கவில்லை. ஆபீஸில் பில் நிற்கவில்லை. அக்காவின் பக்கத்தில் "எடை 2" சிவப்பாகி, லேப்டாப் எழுந்து தம்பி தன் நாலு எண்ணை அடித்ததும் பச்சையாகியது. விட்ட பெட்டியிலிருந்து தொடர்ந்தார்.

எட்டு மணிக்கு அந்த நண்டு டிரைவர் தன் சீட்டை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சிட்டையை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். 17 வரி. கடைசி வரியில் விரல் நின்றதும், "சரியா இருக்குங்க" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சிட்டை எழுதுவதை விட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். எழுதாதவர்களுக்கு இப்போது மேசையிலேயே பெட்டிக்கு ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கிறோம்.

கூட்டம் கூடுவதால் அடுத்த மாதம் மூன்றாவது மேசை போட வேண்டும் என்கிறார் மாமா. "எடை 3" என்ற பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். தடுப்புத் தகட்டுக்கும் அளவு எடுத்துக் கொடுத்தாயிற்று.